குப்பைமேனிக் களிம்பு: இலை பறிப்பது முதல் டப்பா மூடுவது வரை

வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினோரு ஆண்டுகளாகக் குப்பைமேனிக் களிம்பு செய்கிறேன். தெருப் பெண்கள் சிலருக்குக் கற்றும் கொடுத்திருக்கிறேன். புதிதாகச் செய்தவர்கள் கெட்டுப்போன டப்பாவைக் கொண்டுவந்து காட்டும்போது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் காரணம் ஒன்றாகவே இருக்கிறது: எங்கோ ஒரு துளி தண்ணீர். இலையில் மிஞ்சிய ஈரம், மூடியில் வியர்த்த ஆவி, கழுவி உடனே எடுத்த டப்பா, நனைந்த விரல். எண்ணெயும் மெழுகும் மட்டும் இருக்கும் பொருளில் பூஞ்சை எளிதில் வளராது. ஈரம் புகுந்தால் வளரும். கீழே உள்ள வரிசை முழுவதும் அந்த ஈரத்தை வெளியேற்றுவதற்கும், வெளியேறியது திரும்பி வராமல் தடுப்பதற்கும் அமைந்தது. அதனால் படிகளை இடம் மாற்ற வேண்டாம்.

1. எதற்குத் தடவலாம், எதற்குக் கூடாது

தோல் வறட்சி, குதிகால் வெடிப்பு, கொசுக்கடித் தடிப்பு, லேசான அரிப்பு. இவற்றுக்கு மட்டுமே நான் இதைக் கொடுக்கிறேன். காசிமேட்டில் மீன் வெட்டும் பெண்களுக்கு ஐஸும் உப்புநீரும் விரல்களை வெடிக்க வைத்துவிடும். வேலை முடிந்து கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகு தடவிக்கொண்டால் அவர்களுக்கு இதமாக இருக்கிறது.

ஆழமான காயம், தீக்காயம், சீழ் வைத்த புண், சர்க்கரை நோயாளியின் காலில் வந்த புண் ஆகியவற்றில் தடவவே கூடாது. இடுப்பு மடிப்பிலும் தொடை இடுக்கிலும் வரும் படர்தாமரைக்கும் வேண்டாம். அங்கே ஏற்கெனவே வியர்வை தேங்கியிருக்கும். மேலே எண்ணெய்ப் பூச்சும் மூடினால் பூஞ்சை இன்னும் பரவும். வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரிப்பு கூடுகிறது என்றால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் மருந்து போட்டால்தான் அது போகும். வெளிறிய தேமலில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் எந்தக் களிம்பும் தடவி நாளைக் கடத்தாதீர்கள். தொழுநோயின் முதல் அடையாளம் அப்படித்தான் இருக்கும், தொடக்கத்திலேயே கண்டால் முழுமையாகக் குணமாகும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு நம் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே போய்விடுங்கள்.

இது வெளிப்பூச்சு மட்டும். ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள் குப்பைமேனியை உட்கொண்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைகின்றன என்பது மருத்துவர்கள் பதிவு செய்திருக்கும் செய்தி. பலருக்குத் தங்களுக்கு அந்தக் குறைபாடு இருப்பதே தெரியாது. ஆகவே உதட்டில் தடவ வேண்டாம், குழந்தையின் கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நான் கொடுப்பதில்லை. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

2. செடியைச் சரியாக அடையாளம் காணுங்கள்

பெயரே பலரைத் தடுமாற வைக்கிறது. கற்றுக்கொள்ள வந்த பெண்களில் இருவர் குப்பைக்கீரையைப் பறித்து வந்திருந்தார்கள். அது சமைத்து உண்ணும் கீரை. அதன் இலை விளிம்பு வழவழப்பாக இருக்கும், நுனியில் சிறு பிளவு தெரியும், பூங்கதிர் செடியின் உச்சியில் நிற்கும்.

குப்பைமேனியின் இலை விளிம்பு ரம்பம்போல் பல் பல்லாக இருக்கும். காம்பு நீளம். மேலிருந்து பார்த்தால் ஓர் இலை இன்னோர் இலையை மறைக்காமல், எல்லாம் வெயிலை வாங்கும்படி சுற்றி விரிந்திருக்கும். ஐயமறக் காட்டிக்கொடுப்பது பூதான்: இலைக் கக்கத்திலிருந்து எழும் மெல்லிய கதிரில், பச்சை நிறத்தில் பல் வெட்டிய சின்னச் சின்னக் கிண்ணங்கள் ஒட்டியிருக்கும். அந்தக் கிண்ணம் இல்லாத செடியைப் பறிக்காதீர்கள். பூக்காத இளஞ்செடி என்றால் பூக்கும்வரை காத்திருங்கள்.

இன்னொரு செடியையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். செந்தட்டி என்றும் காஞ்சொறி என்றும் சொல்லப்படுவது. அதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் இலையிலும் பல் உண்டு. வேலியைப் பற்றிச் சுற்றி ஏறும், உடலெங்கும் சுணை இருக்கும், தொட்ட இடம் தீயாக எரியும். அரிப்புக்கான களிம்பில் அது கலந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

3. எங்கே பறிப்பது

இந்தப் படியில் நான் மிகக் கண்டிப்பாக இருப்பேன். குப்பைமேனி வடசென்னையில் எங்கும் முளைக்கிறது. தண்டவாள ஓரம், சாக்கடை விளிம்பு, இடிந்த சுவர், எங்கே பார்த்தாலும் பசுமையாக நிற்கிறது. அங்கெல்லாம் பறிக்கக் கூடாது.

செடி தான் நிற்கும் மண்ணில் உள்ளதை வேரால் உறிஞ்சி இலையில் சேர்க்கும். இலையை எத்தனை முறை கழுவினாலும் உள்ளே போனது வெளியே வராது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டைச் சுற்றிய இடம், பக்கிங்காம் கால்வாய்க் கரை, மணலித் தொழிற்சாலைகளை ஒட்டிய காலி மனை, எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த தரை, கனரக லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையோரம், இவை அத்தனையும் விலக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த கச்சா எண்ணெய் கொசஸ்தலையாற்றில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த வெள்ளம் ஏறி இறங்கிய மண்ணில் முளைத்த செடியை நான் தொட மாட்டேன். தண்டவாள ஓரத்தில் களைக்கொல்லி தெளிப்பதும் உண்டு.

வழி ஒன்றுதான்: தொட்டியில் வளருங்கள். முற்றிய கதிர் ஒன்றைக் கொண்டுவந்து, நல்ல செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்த தொட்டியில் உதிர்த்து, மேலே லேசாக மண் தூவினால் போதும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பறிக்கும் அளவுக்கு வந்துவிடும். பிறகு அது தானே விதைத்துக்கொள்ளும். நான்கைந்து அகலத் தொட்டிகள் இருந்தால் ஒரு முறைக்கான இலை கிடைக்கும்.

பறிக்கும்போது வேரோடு பிடுங்காதீர்கள். கிளையைக் கத்தரித்து எடுங்கள், அடி மறுபடி தழைக்கும். வேறொரு காரணமும் உண்டு. இந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்று பெயர். வேர் வெளியே தெரிந்தால் பூனைகள் வந்து புரண்டு தொட்டியையே கலைத்துவிடும். மீன் வாடை அடிக்கும் எங்கள் பக்கத்தில் பூனைகளுக்குக் குறைவில்லை என்பதால் தொட்டிக்கு மேல் கம்பி வலை கட்டியிருக்கிறேன்.

4. முன்னதாகச் சேர்த்துவைக்க வேண்டியவை

அடுப்பைப் பற்றவைத்த பிறகு ஒன்றைத் தேடி ஓடக் கூடாது. ஒரு முறைக்கு வேண்டியது இவ்வளவு: கால் கிலோ பச்சை இலை (காய்ந்தால் சுமார் 50 கிராம் நிற்கும்), அரை கிலோ செக்குத் தேங்காய் எண்ணெய், 100 கிராம் தேன்மெழுகு. இத்துடன் ஒன்றைவிட ஒன்று அகலமான இரண்டு எவர்சில்வர் பாத்திரங்கள், நீளக் காம்புள்ள மரக் கரண்டி, இரண்டு அடுக்கு வெள்ளை மல் துணி, பஞ்சுத்திரி, சமையலறைத் தராசு, அகல வாய்க் கண்ணாடி டப்பாக்கள். கரண்டிக் கணக்கில் அளக்காதீர்கள். மெழுகுச் சீவலைக் கரண்டியால் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஓர் எடை வரும், களிம்பும் ஒவ்வொரு முறையும் ஒரு பதத்தில் வரும்.

செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டாம். செம்பு எண்ணெயைச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கச் செய்யும். அலுமினியமும் நான் பயன்படுத்துவதில்லை.

தேன்மெழுகை நாங்கள் பார்க் டவுன் ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் வாங்குகிறோம். எங்கே வாங்கினாலும் சோதித்து வாங்குங்கள். மெழுகுவத்திக்கான பாரஃபின் கலந்து விற்பது எங்கும் நடக்கிறது. உண்மையான தேன்மெழுகில் தேன் வாசனை இருக்கும். உடைத்தால் உடைந்த முகம் பொடிப்பொடியாக, மங்கலாகத் தெரியும். சிறு துண்டை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தால் இளகி ஒட்டும். பாரஃபின் கண்ணாடிபோல் வெளிறி, வழுக்கும்.

தோல் களிம்புக்கு என்று சொன்னதுமே கடைக்காரர்கள் மிருதார்சிங்கி, துத்தம், கந்தகம் என்று சேர்த்து எடுத்து வைப்பது வழக்கம். வாங்காதீர்கள். மிருதார்சிங்கி ஈயம் உள்ள பொருள். அதைச் சுத்தம் செய்து நஞ்சு நீக்கும் முறை கற்ற சித்த மருத்துவர் கையாள வேண்டியதை நாம் சமையலறைக்குக் கொண்டுவரக் கூடாது.

டப்பாக்களை முந்தைய நாளே கழுவி, கொதிநீரில் போட்டெடுத்து, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மூடிகளையும்தான். என் இரண்டாவது முறைக் களிம்பில் பதினான்கு டப்பாக்கள் ஒன்பதாம் நாள் வெள்ளை பூத்துவிட்டன. எண்ணெயில் குறை இல்லை, மெழுகில் குறை இல்லை. அன்று காலைதான் டப்பாக்களைக் கழுவித் துணியால் துடைத்திருந்தேன். மூடியின் மரை இடுக்கில் நின்ற நீரைத் துணி எட்டவில்லை. அத்தனையையும் கொட்டினேன். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியம்மா அன்று சொன்னது இவ்வளவுதான்: “துடைத்தது உலர்ந்தது ஆகாது, அம்மா.”

5. இலையை உலர்த்துதல்

காலையில் பனி ஈரம் போன பிறகு பறியுங்கள். ஒரு முறை அலசி, நீரை உதறி, வெள்ளை வேட்டித் துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். குவித்துப் போட்டால் நடுவில் வெந்து கறுக்கும்.

நிழலில் உலர்த்த வேண்டும். நேர் வெயிலில் இலை வெளிறிச் சருகாகும், அதில் செய்த எண்ணெய்க்கு நிறமும் வாசனையும் குறைவாக இருக்கும். மேலே மெல்லிய துணி ஒன்று மூடியிருக்கட்டும், எங்கள் பகுதிக் காற்றில் கரித்தூள் வருகிறது.

வடசென்னையில் உலர்த்துவதற்கென்று ஒரு சிரமம் உண்டு. பிற்பகலில் கடற்காற்று ஏறும்போது காய்ந்த இலை மறுபடி ஈரத்தை வாங்கிக்கொள்ளும். காலையில் மொறுமொறுவென்று இருந்தது மாலையில் துவண்டுவிடும். ஆகவே நண்பகல் தாண்டியதும் இலையை உள்ளே எடுத்து, அகலத் தட்டில் துணி மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலை மீண்டும் பரப்புங்கள். நான்கைந்து நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். அந்த மழைக்கு முளைக்கும் செடி தையில் தழைத்து நிற்கும். தை, மாசிதான் பறிக்கவும் உலர்த்தவும் ஏற்ற காலம்.

இலை விரலில் நொறுங்கினால் போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். காம்பைப் பாருங்கள். காம்பு வளைந்தால் உள்ளே நீர் இருக்கிறது. சட்டென்று ஒடிய வேண்டும். ஒடிந்த பிறகு கையால் கரகரப்பாக நொறுக்குங்கள். மிக்ஸியில் மாவாக்கினால் அந்தத் தூள் எந்தத் துணிக்கும் நிற்காமல் எண்ணெயோடு இறங்கிவிடும்.

6. எண்ணெயில் இறக்குதல்

சிறிய பாத்திரத்தில் பாதிக்குக் கீழ் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். அதன் வாயில் அகலப் பாத்திரத்தை உட்கார வைத்து, அதில் 500 கிராம் எண்ணெயும் 50 கிராம் நொறுக்கிய இலையும் போடுங்கள். நேர் தீயில் வைத்தால் அடியில் உள்ள இலை சில நிமிடத்தில் பொரிந்து கருகிவிடும். கருகிய எண்ணெய் தோலை உறுத்தும். நீராவிச் சூட்டில் அந்த அபாயம் இல்லை.

மேல் பாத்திரம் அகலமாக இருக்க வேண்டும் என்றதற்குக் காரணம், கீழிருந்து எழும் ஆவி விளிம்பைத் தாண்டி எண்ணெயில் விழக் கூடாது என்பதே. அதே காரணத்தால் எண்ணெய்ப் பாத்திரத்தை மூட வேண்டாம். மூடினால் தட்டில் வியர்த்த நீர் எண்ணெயிலேயே சொட்டும், இலையிலிருந்து வெளியேறும் மிச்ச ஈரமும் போக வழியில்லாமல் நிற்கும். இங்கே மட்டும் மூன்று மணி நேரம் செலவிடுங்கள். கால் மணிக்கு ஒரு முறை கிளறி, கீழே தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஆழ்ந்த பச்சைக்கு மாறி, இலை தன் பசுமையை இழந்து பழுப்பாகும். அடுப்பை அணைத்து, ஆவி அடங்கியதும் மெல்லிய துணியால் மூடி இரவு முழுவதும் ஊற விடுங்கள்.

மஞ்சள் சேர்க்க விரும்புபவர்கள் இந்தப் படியிலேயே ஒரு தேக்கரண்டி போட்டுவிட வேண்டும். கடைசியில் களிம்பில் கலந்தால் தூள் கரையாது, டப்பாவின் அடியில் படிந்து நிற்கும், துணியிலும் கறை பிடிக்கும். குப்பைமேனியோடு உப்பு வைத்து அரைத்துப் பூசும் வழக்கத்தை நினைத்துக்கொண்டு உப்பு போடுபவர்களும் இருக்கிறார்கள். எண்ணெயில் உப்பு கரையாது. பரல்பரலாக நின்று வெடித்த தோலைக் கீறும்.

7. வடித்தல், தெளியவிடுதல்

மறுநாள் எண்ணெயை லேசாகச் சூடாக்கி மல் துணியில் வடியுங்கள். தானாக இறங்கும் எண்ணெய் ஒரு பாத்திரத்தில், துணியைப் பிழிந்து வருவது இன்னொரு பாத்திரத்தில். இரண்டையும் சேர்க்காதீர்கள். பிழிசலில் வண்டலும் ஈரமும் வரும். அதைக் குதிகாலுக்குத் தடவி ஒரு வாரத்தில் தீர்த்துவிடலாம், களிம்புக்கு ஆகாது. வீணாகிறதே என்று சேர்த்துவிடும் மனம் எல்லோருக்கும் உண்டு. அந்த இரண்டு கரண்டி முழு எண்ணெயையும் கெடுத்துவிடும்.

வடித்ததை உயரமான கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் கறுத்த படிவு இறங்கும், சில நேரம் முத்துப்போல் நீர்த்துளிகளும் தெரியும். மேல் எண்ணெயை மட்டும் மெதுவாகச் சாய்த்து எடுத்து, அடியில் இரண்டு விரற்கடை விட்டுவிடுங்கள். 400 கிராம் அளவுக்குத் தெளிந்த எண்ணெய் கிடைக்கும்.

நேரம் மிச்சம் என்று இலையை வடிக்காமலே மெழுகைப் போட்டு, பிறகு வடிக்கப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். துணியிலேயே பாதி மெழுகு உறைந்துவிடும். எவ்வளவு மெழுகு மிஞ்சியது என்ற கணக்கும் போய்விடும்.

8. திரிச் சோதனை

இந்தச் சோதனையைத் தாண்டாமல் யாரையும் நான் அடுத்த படிக்கு விடுவதில்லை.

தெளிந்த எண்ணெயை உலர்ந்த பாத்திரத்தில் ஊற்றி, இந்த ஒரு முறை மட்டும் நேர் தீயில், மிகக் குறைந்த சூட்டில் வையுங்கள். அடியிலிருந்து நூல்போல் நுண்குமிழிகள் எழும். அவை நீரின் ஆவி. குமிழி முற்றிலும் நிற்கும்வரை பொறுங்கள், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் நின்றுவிடும். புகை கிளம்பக் கூடாது. கிளம்பினால் சூடு மீறிவிட்டது என்று பொருள்.

அடுப்பை அணையுங்கள். எண்ணெய்ப் பாத்திரத்தை விட்டு விலகி, வேறோர் இடத்தில், பஞ்சுத்திரியை அந்த எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள். சுடர் சத்தமில்லாமல் நின்று எரிந்தால் ஈரம் இல்லை. படபடவென்று பொரிந்து தெறித்தால் நீர் மிச்சம் இருக்கிறது, எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். திரியும் உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஒரு பெண் மூன்று முறை எண்ணெயைக் காய்ச்சியும் சத்தம் நிற்கவில்லை என்று கலங்கிப்போனார், கடைசியில் பார்த்தால் திரியே மழை ஈரத்தில் நமுத்திருந்தது.

பக்கத்தில் பாத்திரத்துக்குப் பொருந்தும் தட்டு ஒன்று இருக்கட்டும். எண்ணெய் தீப்பற்றினால் தட்டால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது.

9. பச்சைச் சாற்றில் செய்வது பற்றி

பச்சை இலைச் சாற்றை எண்ணெயில் ஊற்றிக் காய்ச்சி இறக்குவதுதான் பழைய தைல முறை. அரைத்த விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, சாறு பதினாறு பங்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பெரியம்மா அப்படித்தான் செய்தார், அந்தத் தைலத்தின் வாசனை வேறு. ஆனாலும் முதல் முறையாகச் செய்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. அத்தனை நீரையும் வற்றவைக்க நெடுநேரம் ஆகும், கடைசியில் நுரை எழும்பி வழியும், பதம் பார்க்கத் தெரியாமல் முன்னால் இறக்கினால் பூஞ்சை, பின்னால் இறக்கினால் கருகல்.

பதம் இப்படி: அடி வண்டலை எடுத்து விரலில் உருட்டினால் முதலில் சேறாக ஒட்டும். பிறகு ஒட்டாமல் மெழுகுபோல் திரளும், அது மெழுகு பதம். அதையும் தாண்டினால் மணல்போல் நறநறக்கும், அது மணல் பதம். திரண்ட வண்டலைத் தீயில் இட்டால் சத்தம் வரக் கூடாது. உலர் இலை முறையில் நான்கைந்து முறை நன்றாக வந்த பிறகு, பதம் அறிந்த ஒருவர் அருகில் இருக்க, இதைச் செய்து பாருங்கள்.

10. மெழுகு சேர்த்தல்

400 கிராம் எண்ணெய்க்கு 80 கிராம் மெழுகு, அதாவது ஐந்துக்கு ஒன்று. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிவிடும். நம் ஊரில் மார்கழி விடியலைத் தவிர அது எப்போதும் நீராகவே இருக்கும் என்பதால் களிம்பை நிறுத்திப் பிடிப்பது மெழுகு மட்டுமே. கத்திரி வெயிலில் பயன்படப்போகிறது என்றால் 90 கிராம் வரை போகலாம். குளிர் ஊர்க்காரர்கள் சொல்லும் எட்டுக்கு ஒன்று கணக்கில் செய்தால் சித்திரையில் டப்பாவுக்குள் எண்ணெய் தளும்பும்.

மெழுகைச் சீவி, ஈரமில்லாத பாத்திரத்தில் போட்டு நீராவிச் சூட்டில் உருக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். எண்ணெய் தனியாக வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்த எண்ணெயை உருகிய மெழுகில் ஊற்றினால் மெழுகு அந்தக் கணமே கட்டிகட்டியாக உறையும். அப்படி ஆகிவிட்டால் கலங்க வேண்டாம், முழுவதையும் மறுபடி நீராவிச் சூட்டில் வைத்துக் கிளறினால் கரைந்துவிடும்.

கலந்ததும் ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு ஆற விடுங்கள். விரலால் தடவினால் வழுக்கிப் பரவ வேண்டும். ஓடினால் ஐந்து கிராம் மெழுகு, இறுகினால் இரண்டு கரண்டி குப்பைமேனி எண்ணெய். திருத்துவதற்கு இதுதான் இடம், டப்பாவில் ஊற்றிய பிறகு எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

விட்டமின் ஈ மாத்திரை உடைத்துப் போட்டால் கெடாது என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. அது எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவே. பூஞ்சையைத் தடுக்காது. பச்சைக் கற்பூரம் நான் சேர்ப்பதில்லை, சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது ஆபத்து.

11. டப்பாவில் ஊற்றுதல்

கலவையின் விளிம்பில் மங்கலாக ஏடு படியத் தொடங்கும்போது ஊற்றுங்கள். ஒரே மூச்சில் விளிம்புவரை நிரப்பினால் ஆறும்போது நடுவில் குழி விழும். முக்கால் அளவு ஊற்றி, அது மேலே உறைந்ததும் மீதியை ஊற்றினால் சமமாக நிற்கும்.

மூடியை உடனே போட்டுவிடாதீர்கள். சூடு இருக்கும்போது மூடினால் உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் மூடியில் வியர்த்துக் களிம்பின்மேல் சொட்டும். இத்தனை நாள் பாடுபட்டு விரட்டிய நீரை நாமே திரும்ப அழைத்ததாகிவிடும். உலர்ந்த துணியால் போர்த்தி, முழுக்க ஆறிய பிறகு மூடுங்கள். 30 கிராம் டப்பா என்றால் பதினைந்து, பதினாறு வரும்.

ஒவ்வொன்றிலும் தேதி, இலை எந்தத் தொட்டியிலிருந்து வந்தது, எண்ணெய் எவ்வளவு, மெழுகு எவ்வளவு என்று எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை எதை மாற்றுவது என்று அந்தச் சீட்டுத்தான் சொல்லும்.

12. தோலில் சோதித்துப் பார்த்தல்

முன்கையின் உட்புறத்தில் மொச்சை அளவு தடவி ஒரு நாள் முழுவதும் விடுங்கள். சிவப்பு, தடிப்பு, எரிச்சல் எதுவும் இல்லை என்றால் இன்னும் இரண்டு நாள் அதே இடத்தில் தடவுங்கள். சிலருக்கு முதல் நாள் ஒன்றும் தெரியாது, இரண்டாம் மூன்றாம் நாள்தான் ஒவ்வாமை வரும். குப்பைமேனி சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. யாருக்குக் கொடுத்தாலும் அவரவர் தோலில் அவரவர் சோதிக்க வேண்டும், அக்காவுக்கு ஒத்துக்கொண்டது தங்கைக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. ஒரு வாரம் தடவியும் அரிப்பு குறையவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

13. கொடுப்பதும் வைத்திருப்பதும்

உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுப்பது வேறு, விலைக்கு விற்பது வேறு. நோய் தீர்க்கும் சித்த மருந்து என்று சொல்லி விற்பதற்கு 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின்படி தயாரிப்பு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் டப்பாவில் நோயின் பெயரை அச்சடித்து விற்காதீர்கள்.

கொடுக்கும்போது கூடவே ஒரு சிறு மரக்குச்சியும் கொடுங்கள். குளித்துவிட்டு வந்த ஈர விரலை டப்பாவுக்குள் விடுவதால்தான் நன்றாகச் செய்த களிம்பும் பாதியில் கெடுகிறது. வெயில் படாத அலமாரியில் வைத்தால் ஆறு மாதம் நன்றாக இருக்கும். மாதம் ஒரு முறை திறந்து முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தாலோ, மேலே வெள்ளையாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தாலோ, அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இழை கீழே இறங்கியிருக்கும். முழு டப்பாவையும் கொட்டிவிட்டு, அதன் சீட்டில் உள்ள தேதியைப் பார்த்து, அதே நாளில் ஊற்றிய மற்ற டப்பாக்கள் யார் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள்.